கூடத்தில் கலங்கிய கடல்

ஒன்பது மணிக்குக் கூடத்து மீன் தொட்டியின் நீல விளக்கு தானாக எரிந்தது. அக்கா போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தயாராக நின்றாள். தம்பிக்கு முதல் போட்டோ அனுப்ப வேண்டிய நேரம்.

திரையில் ஒன்றுமே தெரியவில்லை. கேமராவில் ஈரம் பட்டிருக்கும் என்று கைக்குட்டையால் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். அப்புறம்தான் உறைத்தது. கோளாறு போனில் இல்லை. நானூறு லிட்டர் தண்ணீரும் பாலை ஊற்றிக் கலக்கினாற்போல் வெளுத்துக் கிடந்தது. கல் தெரியவில்லை, பவளம் தெரியவில்லை. மேல்மட்டத்தில் மட்டும் மஞ்சளாய் ஒரு வாய், திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது.



இந்த வீட்டுக்கு வந்து போகிறவர்களுக்கு அந்தத் தொட்டியைத் தெரியும். இன்றுதான் வாசல் ஏறுகிறவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போய் வந்துவிடலாம்.

தம்பி துறைமுகத்தில் முக்குளிக்கிறவன். கப்பலின் அடியில் ஒட்டிக்கொள்ளும் பாசியையும் சிப்பியையும் சுரண்டி எடுக்கும் வேலை. இரண்டு பேர் சேர்ந்துதான் செய்ய வேண்டும்: ஒருவர் இடுப்பில் கயிற்றுடன் கீழே, ஒருவர் அந்தக் கயிற்றைக் கையில் பிடித்தபடி மேலே. ஒன்றரை வருடத்துக்கு முன் ஒரு மத்தியானம், கீழே போன மீசை அண்ணன் உயிரோடு திரும்பவில்லை. கயிறு மட்டும் வந்தது. அவரே அவிழ்த்துவிட்டார், அவருடைய அஜாக்கிரதை என்று கம்பெனி எழுதி முடித்தது. மேலே நின்றிருந்தவன் தம்பி.

அதன்பின் எட்டு மாதம் அவன் அக்கா வீட்டுப் பின்னறையில் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தான். அந்த எட்டு மாதமும் குளியலறைக் கதவில் தாழ்ப்பாள் கிடையாது. அக்காவே திருகாணியைக் கழற்றி எடுத்து வைத்திருந்தாள். ஏன் என்று அத்தானும் கேட்கவில்லை, தம்பியும் கேட்கவில்லை.

ஒரு நாள் காலையில் அவனாக எழுந்து வந்து, “அக்கா, கூடத்துல ஒரு தொட்டி வெச்சுக்கட்டுமா? உப்புத்தண்ணித் தொட்டி” என்றான். அத்தனை மாதத்தில் அவன் வாய் திறந்து கேட்ட முதல் பொருள். யானை வேண்டுமென்றிருந்தாலும் சரி என்றிருப்பாள்.

அத்தான் இரும்பில் தாங்கி அடித்துக் கொடுத்தார். நீல டிரம்மில் உப்பைக் கரைத்து, கருவியில் அளவு பார்த்து, தண்ணீரை ஊற்றினான். ஓட்டை ஓட்டையான கற்களைக் குகை போல அடுக்கினான். அப்புறம் ஆறு வாரம் ஒரு மீன் கிடையாது. கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் கல்லில் குடியேறி, கழிவைத் தின்னப் பழக வேண்டுமாம். அதற்குமுன் மீனை விட்டால் அது தன் கழிவிலேயே வெந்து போகுமாம். “ஊர்ல எல்லாரும் மீன் வளர்ப்பாங்க. கல்லுக்கு லைட் போட்டு வளர்க்கிறது நம்ம வீடு மட்டும்தான்” என்றார் அத்தான். தம்பி சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டு அக்கா சமையலறைக்குள் போய் அழுதாள்.

பழுப்புப் பாசி படர்ந்தது, அதைத் தின்ன நத்தைகள் வந்தன. அப்புறம் ஒரு ஜோடி கோமாளி மீன்: மாப்பிள்ளை, பொண்ணு. தொட்டியை ரோந்து சுற்றும் மஞ்சள் மீனுக்கு இன்ஸ்பெக்டர் என்று பெயர். மற்ற மீன்களின் உடம்பைச் சுத்தம் செய்யும் இறாலுக்கு நர்ஸ். விரல்நகம் அளவு பவளத் துண்டுகளைப் பசை வைத்துக் கல்லில் ஒட்டினான், அவை உள்ளங்கை அகலம் விரிந்தன. தினமும் நோட்டில் அளவுகள் எழுதினான். அக்கா ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் பார்க்கிறவள். குழாயில் சொட்டு விட்டு நிறம் பார்க்கும் வேலையை அவளும் பகிர்ந்துகொண்டாள். பத்து மாதம் பொறுத்து, மூன்று வாரத்துக்கு முன்னால்தான் கடைசியாகக் கடல் சாமந்தி வந்தது. பார்க்கப் பூ, உண்மையில் உயிர்ப்பிராணி. இடம் பிடிக்காவிட்டால் காலை எடுத்துக்கொண்டு ஊர்ந்து போய்விடும்.

இன்று துறைமுக அலுவலகத்தில் மீசை அண்ணன் சாவு பற்றி மறு விசாரணை. தம்பி சாட்சி. ரயிலில் இரண்டு மணி நேரம், தனியாகத்தான் போவேன் என்றான். “ஒன்பது, பதினொண்ணு, ஒண்ணு. மூணு போட்டோ அனுப்புக்கா. இதெல்லாம் நல்லா இருக்குன்னு தெரிஞ்சா போதும், நான் அங்க உட்கார்ந்துடுவேன்.”

ஒன்பது அடித்து மூன்று நிமிடம் ஆகியிருந்தது.

அக்கா போனில் பழைய படங்களைத் தள்ளினாள். நேற்றுக் காலை எடுத்த ஒன்று அகப்பட்டது. தண்ணீர் பளிங்கு மாதிரி, சாமந்தி விரிந்து, பொண்ணு அதன் மடியில். அனுப்பினாள்.

“சூப்பர். உள்ள போறேன்” என்று பதில் வந்தது.

அடுத்த நொடி பவளக் கடைக்கார அம்மாவைக் கூப்பிட்டாள். தம்பிக்கு எல்லாம் வாங்கிக் கொடுத்தவள், குரலில் எப்போதும் அதட்டல்.

“அம்மா, தண்ணி பாலா இருக்கு. சாமந்தியைக் காணோம்.”

“காணோம்னா எங்க போகும், கடைக்கா போகும்? அலை மோட்டாரைப் பாரு.”

தொட்டிக்குள் நீரோட்டம் உண்டாக்கும் சின்ன விசிறி அது. அக்கா கையை விட்டுத் துழாவினாள். கொழகொழவென்று ஏதோ அகப்பட்டது. வெளியே எடுத்ததும் குமட்டியது. சாமந்தியில் கால்வாசி. மிச்சத்தை விசிறி அரைத்துத் தண்ணீரில் கலந்துவிட்டிருந்தது.

“அரைச்சிடுச்சும்மா.”

“விசிறிக்கு மேல பஞ்சு உறை மாட்டியிருப்பானே அவன்? நான்தானே கொடுத்தேன்.”

அக்கா மெல்லத் தலையைத் திருப்பினாள். பால்கனிக் கொடியில் இரண்டு கிளிப்புக்கு நடுவில் கறுப்புப் பஞ்சு காய்ந்துகொண்டிருந்தது. ஊருக்குப் போகிற நேரத்தில் அவனுக்கு எதற்கு வேலை என்று, நேற்று மாலை அவளே கழற்றிக் கழுவியது. காய்ந்ததும் மாட்டிவிடலாம் என்று போட்டது. அதற்குள் அவன் சட்டைக்கு இஸ்திரி போட வேண்டியிருந்தது, பை அடுக்க வேண்டியிருந்தது.

“நான்தாம்மா...” என்றாள்.

“அழறதெல்லாம் அப்புறம். மோட்டாரை நிறுத்து. காத்துக் குமிழி விடுற பம்பை ரெண்டும் போடு. வலையால துணுக்கு ஒண்ணு விடாம அள்ளு. டிரம்ல அவன் கரைச்சு வெச்சிருக்கிற தண்ணியில ஒரு வாளி எடுத்து, மீனை அதுல மாத்து. அழுக்கை உறிஞ்சுற கரி இருந்தா மூட்டையோட உள்ள போடு. அரைபட்ட சாமந்தி விஷம், தெரியுதா? பாதித் தண்ணியாவது மாத்தணும். டிரம்ல எவ்வளவு இருக்கு?”

“எண்பது லிட்டர்.”

“பத்தாது. என்கிட்ட எட்டு கேன் இருக்கு, கரைச்ச தண்ணி. கடையை விட்டு நான் வர முடியாது. ஆளை அனுப்பு, உடனே.”

ஆள் என்று இருந்தது ஒருத்தர்தான். அத்தான் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். காலைப் பிள்ளைகளை இறக்கிவிட்டிருப்பார், அடுத்த ஓட்டம் மூன்று மணிக்கு. அக்கா போன் போட்டு விஷயத்தைச் சொன்னாள். “சரி, வை” என்றார்.

வலையால் அள்ளினாள். அள்ள அள்ள வந்தது. கண்ணாடி ஓரம் ஒதுங்கியதை விரலால் வழித்தாள். பொண்ணு, சாமந்தி இருந்த இடத்திலேயே பக்கவாட்டில் கிடந்தது. தொட்டாள், அசையவில்லை. மாப்பிள்ளை அதை மூக்கால் முட்டி முட்டித் தள்ளிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளையை வலையில் பிடிப்பதற்குள் அக்காவின் முழங்கைவரை எரிச்சல் எடுத்துச் சிவந்துவிட்டது. சாமந்தியின் விஷம். தேய்த்துக்கொள்ளக்கூட நேரமில்லை.

கழிவிலிருந்து வரும் அம்மோனியா எவ்வளவு என்று குழாயில் சொட்டு விட்டுப் பார்த்தாள். சுத்தமான தண்ணீர் என்றால் குழாய் மஞ்சளாக இருக்க வேண்டும். சொட்டு விழுந்ததுமே கரும்பச்சை ஆனது. லேபில் இப்படி ஒரு முடிவு வந்தால் டாக்டரை ஓடி வரச் சொல்லிவிட்டு அடுத்த குழாயை எடுப்பாள். இங்கே யாரைக் கூப்பிடுவது?

பத்தரைக்குத் தெருவில் மஞ்சள் பஸ் வந்து நின்றது. இத்தனை பெரிய வண்டி அந்தத் தெருவுக்குள் நுழைந்ததே கிடையாது. எதிர்வீட்டுக்காரர் தன் ஸ்கூட்டரை அவசரமாக உள்ளே தள்ளினார். முதல் இரண்டு வரிசையில் எட்டு வெள்ளைக் கேன்கள், ஒவ்வொன்றும் சீட் பெல்ட் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தன.

“சாயுமேன்னு கட்டினேன்” என்றார் அத்தான். “புள்ளைங்களை விட ஒழுங்கா வந்துச்சுங்க.”

அவள் சிரிக்கவில்லை. இரண்டு கேன்களைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினார். இரண்டாவது மாடி. நான்கு நடை. நாலாவது நடையில் முழங்கால் பிடித்துக்கொண்டது. படியில் உட்கார்ந்து தேய்த்துவிட்டு மறுபடி எழுந்தார்.

டியூப் போட்டுக் கெட்ட தண்ணீரைக் குளியலறைக்கு இழுத்துவிட்டார்கள். அவர் ஊற்ற, அவள் உப்பு அளவு பார்த்தாள், சூடு பார்த்தாள். ஊற்றும் வேகம் கூடினால் அதட்டினாள். மஞ்சள் இன்ஸ்பெக்டர் வாளிக்குள் சாய்ந்தபடி மூச்சு வாங்கியது.

“அவன்கிட்ட சொல்லிட்டியா?” அத்தான் கேட்டார்.

“இல்ல. நேத்து போட்டோவை அனுப்பினேன்.”

“ஏம்மா...”

“சாட்சி சொல்லிட்டு வரட்டுங்க. அதுவரைக்கும் தெரிய வேணாம். இது நல்லா இருக்குன்னு நினைச்சுக்கிட்டுத்தான் அவன் அங்க உட்கார்ந்திருக்கான். இப்ப சொன்னா எழுந்து போயிடுவான். எழுந்து எங்க போவான்னு உங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது.”

அத்தான் கேனைக் கீழே வைத்தார். “கண்டுபிடிச்சிட்டான்னா?”

“மாட்டான்.”

பதினோரு மணிக்கு இன்னொரு பழைய படம் அனுப்பினாள். சாமந்தி இல்லாத பக்கமாகத் தேடி எடுத்தது, இன்ஸ்பெக்டர் நடுநாயகமாக நிற்பது. இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது.

“இன்ஸ்பெக்டர் வால்ல கீறல் எங்க?”

அவளுக்குப் புரியவில்லை. வாளியைக் குனிந்து பார்த்தாள். வாலில் வெள்ளையாக ஒரு கீறல். திங்கட்கிழமை கல்லில் உரசிக்கொண்டது. அவள் நிமிர்வதற்குள் அடுத்தடுத்த செய்திகள் வந்து விழுந்தன.

“இது பழைய போட்டோக்கா.”

“என்ன ஆச்சு?”

“அக்கா.”

போன் அடித்தது. கையெல்லாம் ஈரம், எடுத்தால் என்ன சொல்வது என்றும் தெரியவில்லை. பார்த்துக்கொண்டே நின்றாள். அடித்து ஓய்ந்தது. கையைத் துடைத்துக்கொண்டு அவளே கூப்பிட்டாள். போன் அணைக்கப்பட்டிருப்பதாகப் பதிவுக் குரல் சொன்னது. திரும்பக் கூப்பிட்டாள். அதே குரல், அதே பதில்.

“கூப்பிடும்போது எடுக்கிறதுக்கு என்ன கேடு உனக்கு!” அத்தான் கத்தினார். பதினேழு வருடக் குடித்தனத்தில் அவர் இப்படிக் கத்தியதை விரல்விட்டு எண்ணிவிடலாம். கத்திவிட்டு அவரே அவள் தோளைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தார். “விசாரணைக்கு வரச் சொல்லி லெட்டர் வந்துச்சே, அதுல போன் நம்பர் இருக்கும். எங்க வெச்சிருக்கான்?”

பின்னறை மேசையில் தேடினாள். கடிதம் தம்பியின் தொட்டி நோட்டுக்குள் செருகியிருந்தது. உருவும்போது நோட்டு கடைசிப் பக்கத்தில் விரிந்துகொண்டது. இன்றைய தேதி. அளவுகள் எழுதும் அதே பொடி எழுத்து.

“மாப்பிள்ளை, பொண்ணு, சாமந்தி, மூணையும் பிரிக்கக் கூடாது. கடைக்கார அம்மாவிடம் கொடுக்கவும். இன்ஸ்பெக்டரைப் பெரிய தொட்டி வைத்திருப்பவருக்கு மட்டும் கொடுக்கவும். பவளத்தைக் கல்லோடு எடுக்கவும், பிய்க்க வேண்டாம். தாங்கியை அத்தான் வேறு எதற்காவது வைத்துக்கொள்ளட்டும். அக்கா இதை ஒரே நாளில் செய்ய வேண்டாம்.”

அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அத்தான் வந்து படித்தார். ஒருமுறை, இன்னொருமுறை. “நான் பஸ்ஸை எடுத்துக்கிட்டு நேரா அங்க போறேன்” என்றார். சொன்னவர் கடிகாரத்தைப் பார்த்தார். போக வர நான்கு மணி நேரத்துக்குக் குறையாது. மூன்று மணிக்கு நாற்பது பிள்ளைகள் பள்ளிக்கூட வாசலில் நிற்பார்கள். அவர் அப்படியே சுவரில் சாய்ந்தார்.

அக்கா கடிதத்தில் இருந்த நம்பரை அழுத்தினாள். மூன்றாம் தடவை ஒரு குமாஸ்தா எடுத்தார்.

“சாட்சியா? காலையில வந்தார்மா, கையெழுத்து இருக்கு.”

“இப்ப எங்க இருக்கான் சார்?”

“பதினோரு மணிக்கு இடைவேளை விட்டாங்க. வெளிய போனதைப் பார்த்தேன்.”

“திரும்பி வந்தானா?”

“இருங்க, பார்த்துட்டு வரேன்.”

நாற்காலி நகர்கிற ஓசை. யாரோ இருமினார்கள். எங்கோ ஒரு கதவு சாத்திக்கொண்டது. அவள் காதோடு போனை அழுத்திப் பிடித்திருந்தாள். இணைப்பு அறுந்தது. அதற்குப் பின் எத்தனை முறை அடித்தும் எவரும் எடுக்கவில்லை.

அந்த அலுவலகம் கடலை ஒட்டி இருக்கிறது. வாசலில் இருந்து படித்துறைக்கு நூறு அடிகூட இருக்காது. தம்பியே சொல்லியிருக்கிறான். அக்கா எழுந்தாள், உட்கார்ந்தாள், எழுந்தாள். பிறகு கூடத்துக்குப் போய்த் தொட்டிக்குள் கையை விட்டாள். வேறு எதையும் செய்ய அவளுக்குக் கை வரவில்லை.

ஒரு மணிக்கு மறுபடி டிரம்மில் உப்புக் கரைத்தாள். நர்ஸ் இறால் ஒரு கல்லிடுக்கில் வெளிறிப்போய்ச் செத்துக் கிடந்தது. நத்தைகள் ஒவ்வொன்றாகக் கண்ணாடியை விட்டு உதிர்ந்தன. பவளங்கள் எல்லாம் சதையை உள்ளே இழுத்துக்கொண்டு வெறும் சுண்ணாம்பாக நின்றன. உயிரோடு இருந்தாலும் செத்திருந்தாலும் அவை பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். கலங்கிய தொட்டியையே காலையில் படமெடுத்து அனுப்பியிருந்தால்? அவன் கூப்பிட்டபோது எடுத்து, ஆமாம்டா, என் தப்புதான் என்று சொல்லியிருந்தால்? பஞ்சை ஈரத்தோடேயே மாட்டியிருந்தால்? கேள்விகள் அவளைப் பிடுங்கித் தின்றன.

இரண்டரைக்கு அத்தான் கிளம்பினார். வாசல்வரை போய்த் திரும்பினார். “கடைசிப் புள்ளையை இறக்கிவிட்டதும் அப்படியே ஸ்டேஷனுக்குப் போறேன். ரயிலைப் பிடிச்சுப் போய்ப் பார்த்துடறேன். நீ போனை மட்டும் கையை விட்டுக் கீழ வைக்காத.”

“அவனுக்கு ஏதாவது ஒண்ணுன்னா...”

“வாயைக் கழுவு” என்றார்.

மூன்றரை. அம்மோனியா குழாய் இப்போது வெளிர்பச்சை. அவள் அதைச் சன்னலருகே பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. தம்பி.

குழாய் கையிலிருந்து நழுவி உடைந்தது.

“எங்கடா இருக்க?”

“இங்கதான்க்கா. ஆபீஸ் வராண்டாவுல. நீ எடுக்கலன்னதும் போனை அணைச்சிட்டேன். உள்ள போறப்ப அதை வாங்கி வெச்சிட்டாங்க. இப்பதான் கொடுத்தாங்க.”

அக்கா மூச்சு விடாமல் பேசினாள். “நான்தான்டா. பஞ்சைக் கழட்டிக் கழுவிக் காயப்போட்டேன். மாட்ட மறந்துட்டேன். சாமந்தி மோட்டார்ல போயிடுச்சு. உன்கிட்ட பொய் சொன்னேன். ரெண்டு தடவை சொன்னேன். நீ கூப்பிட்டப்ப வேணும்னேதான் எடுக்கல.”

அந்தப் பக்கம் கப்பல் சங்கு ஒன்று நீளமாக ஊதி அடங்கியது.

“யாரெல்லாம் இருக்காங்க?” என்றான்.

“பொண்ணு போயிட்டா. நர்ஸும். நத்தை பாதிக்கு மேல. மாப்பிள்ளை வாளியில இருக்கான், இன்ஸ்பெக்டரும். பவளம் மூடிக்கிட்டு நிக்குது. தெரியலடா. எனக்கு ஒண்ணும் சொல்லத் தெரியல.”

“சரி.”

“நோட்டைப் பார்த்தேன். கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன். என்னடா அது? என்ன எழுதி வெச்சிருக்க? எங்க உயிரே போயிடுச்சு.”

“ஐயோ, அதுவா?” அவன் பதறினான். “அப்படி இல்லக்கா. சத்தியமா அப்படி இல்ல. ஜெயில்ல தொட்டி வெச்சுக்க விடுவாங்களா என்ன?”

“ஜெயிலா?”

“அக்கா, அன்னைக்குக் கயிறு என் கையில இல்ல.”

அவள் போனை மறு காதுக்கு மாற்றினாள்.

“வெயில் தாங்கல. கயிறைக் கம்பியில கட்டிட்டு நிழலுக்குப் போனேன். ஏழு நிமிஷம். கயிறு எங்கயோ சிக்கியிருக்கு. அண்ணன் கீழ இருந்து இழுத்து இழுத்துப் பார்த்திருப்பார். மேல கை இருந்தாத்தானே தெரியும்? யாரும் இல்லன்னதும்தான் அவரே அவிழ்த்துட்டு வெளிய வரப் பார்த்திருக்கார். சூப்பர்வைசர் வந்து, கையிலதான் பிடிச்சிருந்தேன்னு சொல்லிடு, மத்ததை நான் பார்த்துக்கறேன்னார். சொல்லிட்டேன். ஒன்றரை வருஷமா சொல்லிக்கிட்டே இருந்தேன். உன்கிட்டயும்.”

“தம்பி...”

“இன்னைக்கு மாத்திச் சொல்லிடணும்னுதான் வந்தேன். காலையில உட்கார்ந்தா தைரியம் வரல. இடைவேளையில உன் போட்டோ பார்த்தேன். பழசுன்னு தெரிஞ்சதும், எல்லாம் போயிடுச்சுன்னு நினைச்சுக்கிட்டேன். படித்துறையில போய் நின்னேன். ரொம்ப நேரம் நின்னேன்க்கா. அப்புறம், இனி மறைச்சு என்ன ஆகப்போகுதுன்னு உள்ள போய்ச் சொல்லிட்டேன். எழுதி வாங்கிக்கிட்டாங்க. கூப்பிடறப்ப வரணுமாம். இன்னைக்குப் போகலாம்னுட்டாங்க.”

“அப்ப வந்துடு. உடனே கிளம்பி வா. எது இருக்கோ இல்லையோ, நீ வந்துடு.”

அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

“அண்ணி இங்கதான் இருக்காங்க. மீசை அண்ணன் மனைவி. அவங்க முன்னாடிதான் சொன்னேன். வெளிய வந்து பெஞ்சுல உட்கார்ந்தாங்க. நானும் இந்தக் கோடியில உட்கார்ந்தேன். அப்போலருந்து ரெண்டு பேரும் உட்கார்ந்திருக்கோம்.”

ஏதோ உரசல். போன் கைமாறியது. இதுவரை அக்கா கேட்டிராத ஒரு குரல், கரகரப்பாக, ஆனால் நிதானமாக வந்தது.

“நீங்க இவரோட அக்காவா?”

“ஆமாங்க. நான்... எங்களை...”

“மன்னிப்பெல்லாம் இப்ப கேக்காதீங்க. எனக்குக் காதுல ஏறாது. என் வீட்டுக்காரர் தானா அவிழ்த்துட்டுச் செத்தார்னு சொன்னாங்க. நானும் நம்பினேன். ரெண்டு புள்ளைங்களை நினைக்காம போயிட்டாரேன்னு இந்த ஒன்றரை வருஷமா அவர் படத்தைப் பார்த்துத் திட்டாத நாள் இல்ல. புள்ளைங்களும் கேட்டுக்கிட்டே வளருதுங்க. அதுங்க முன்னாடி இவர் இதைச் சொல்லணும். இவர் வாயாலயே சொல்லணும். என்கூட வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்.”

“இன்னைக்கேவா? அவன் உடம்பு மனசு ரெண்டும்...”

“இன்னைக்கேதான். ஒண்ணு சொல்லிடறேன், அப்புறம் சொல்லலன்னு வேணாம். என் வீட்டுக்காரரோட தம்பிங்க ரெண்டு பேரும் வீட்டுலதான் இருக்காங்க. அவங்க என்ன பண்ணுவாங்கன்னு எனக்குத் தெரியாது. நான் நடுவுல நிப்பேன். அவ்வளவுதான் சொல்ல முடியும்.”

“வேணாங்க. கொஞ்சம் பொறுங்க. என் வீட்டுக்காரர் வந்துட்டு இருக்கார், அவர் வர்ற வரைக்குமாவது...”

போன் மறுபடி கைமாறியது. காலடிச் சத்தம், பிறகு வண்டிக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

“போகாதடா” என்றாள் அக்கா. “நான் சொல்றதைக் கேளு. அத்தான் வரட்டும்.”

“மாப்பிள்ளையை இன்னைக்கே தொட்டியில விட்டுடாத. தண்ணியை நாளைக்கு ஒருதடவை பார்த்துட்டு விடு” என்றான் தம்பி. அவன் குரலில் நடுக்கம் இருந்தது. ஆனால் அது சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவனின் குரல் இல்லை.

“போயிட்டு வரேன்க்கா.”

கதவு சாத்திக்கொண்டது.